பழைய காரும் புதிய பெயரும்

வேலை ஒருவனுக்குச் சோறு மட்டுமா போடுகிறது? பெயரும் தருகிறது. பத்தாண்டுகளாக உறவினர் என் அண்ணனை ஒரு பெரிய நிறுவனத்தின் மேலாளர் என்றே அறிந்திருந்தனர். 2023-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது வேலையும் போயிற்று, அப்பெயரும் போயிற்று. மிஞ்சியவை சேமநிதிப் பணமும் தீராத வீட்டுக்கடனுமே.

ஆறு திங்கள் வேலை தேடி அலைந்த பின், தில்லி கரோல்பாகில் சிறு இடம் வாடகைக்குப் பிடித்து, மூன்று பழைய கார்களுடன் அண்ணன் வியாபாரம் தொடங்கினார். "படித்த பிள்ளை தரகனாவதா?" என்று அம்மா கலங்கினார். "தரகு இழிவில்லை அம்மா, பொய்தான் இழிவு" என்றார் அண்ணன்.

அச்சொல்லின் பொருளைப் பின்னர்தான் உணர்ந்தேன். பழைய காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய இயலாதவர், எந்தக் காருக்கும் நடுத்தர விலையே தர முன்வருவர். அவ்விலை கட்டுப்படியாகாமல் நல்ல கார் வைத்திருப்போர் சந்தையை விட்டு விலகுவர், கெட்டவையே மிஞ்சும். 2001-இல் வேறு இருவரோடு அவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக, ஒரு வியாபாரியின் பொய் சந்தை முழுவதையும் கெடுக்கிறது.

பௌதிகம் பயிலும் நான் ஞாயிறுதோறும் அண்ணனுக்கு உதவச் செல்வேன். வண்ணப்பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி ஒன்று என் கையில் இருக்கும். உருக்குத் தகட்டின்மேல் வைத்தால், காந்தப் புலத்தின் மாற்றத்தைக் கொண்டு அது தடிப்பைக் காட்டும். தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு வெள்ளைக் காரின் இடக் கதவில் அது 400 காட்டியது. அடிபட்டு, டிங்கரிங் செய்து, பட்டி பூசி மறைத்த கதவு! கண்ணுக்கோ ஒன்றும் தெரியவில்லை.

அன்று மாலை அக்காரை வாங்க ஒருவர் முன்பணத்துடன் வந்தார். கடை வாடகை கட்ட இன்னும் இரண்டே நாள். அண்ணன் கருவியை அவர் கையிலேயே கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார்; நன்றி கூறினார்; போய்விட்டார். அம்மாத வாடகைக்கு அண்ணியின் வளையல் அடகுக்குச் சென்றது. அடுத்த மாதம் அக்கார், குறையைச் சொல்லியே, 20,000 ரூபாய் குறைவாக விலைபோயிற்று.

காரை விற்றதோடு அண்ணன் ஓய்வதில்லை. படிவம் 29, 30 ஆகியவற்றை நிரப்பிக் கொடுத்து, பெயர் மாற்றம் முடியும்வரை அலைவார். பதிவேட்டில் பெயர் மாறாவிடில், விபத்து இழப்பீட்டுக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரை நம்மிடம் கொடுத்தவரை நட்டாற்றில் விடலாமா?

இன்று மாதம் இரண்டு கார் விற்றால் அதுவே பெரிது. வருவாய் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஆயினும், வருவோர் அண்ணனின் பெயரைக் கேட்டுக்கொண்டு வருகின்றனர்.

நண்பர்களே, நாமும் நாளை பட்டத்துடன் வேலைக்குச் செல்வோம். நிறுவனம் தந்த பெயரை நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நாமே உழைத்துத் தேடிய பெயரை எவர் பறிக்க இயலும்?