நிழலில்லா நாளில் ஒரு தலைப்பு

ஆகஸ்ட் 14

புகைப்படக் குழுவில் இந்த வாரத் தலைப்பு வந்துவிட்டது: நிழல். படம் இந்த வாரமே எடுத்ததாக இருக்க வேண்டும், ஆளுக்கு ஒன்று, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கிளறக் கூடாது. போன வாரம் 'தனிமை' என்று கொடுத்துப் படுத்தி எடுத்தார்கள். கடலைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்த தாத்தாக்களாக வந்து குவிந்தன. பாதி மெரினா, மீதி பெசன்ட் நகர். உணர்ச்சியைத் தலைப்பாக்கினால் எல்லோருக்கும் ஒரே படம்தான் தோன்றும் என்பது என் கட்சி. கதவு, குடை என்று கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்லுங்கள், ஆளுக்கொரு திசையில் போவோம்.

ஆகஸ்ட் 15

என் கட்சிக்கும் இன்று அடி. ஆந்த்ரே கெர்டெஸ் 1928இல் எடுத்த முள்கரண்டிப் படத்தை ஒருவர் போட்டார். கிண்ண விளிம்பில் சாய்ந்திருக்கும் கரண்டி, மேசைமேல் அதன் நிழல், அவ்வளவுதான். அசந்துபோனோம். சாயங்காலத்துக்குள் தோசையைக் கையால் பிய்த்துத் தின்கிற வீடுகளில் எல்லாம் முள்கரண்டி முளைத்துவிட்டது! தலைப்பு கெடுக்காததை முன்மாதிரி கெடுத்துவிடும் போலிருக்கிறது. இனிப் படம் எடுத்து முடிக்கும்வரை மற்றவர்கள் போடுவதைப் பார்ப்பதாக இல்லை.

புகைப்படக்காரர் ஜோசப் சுடெக்கை நினைத்துக்கொண்டேன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். 1940இலிருந்து 1954வரை பிராக் நகரத்தில் தன் ஸ்டூடியோ ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். ஒருநாள் கண்ணாடியில் நீர்த்துளி, ஒருநாள் பனி. அவருக்கு எந்த அட்மினும் தலைப்பு கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 17

காலை வெயிலில் நிழல் நீளமாக விழுகிறது. எதை எடுத்தாலும் அழகு, அதனாலேயே அலுப்பு. நாளைக்குச் சென்னையில் நிழலில்லா நாள் என்று பேப்பரில் போட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 18

மொட்டைமாடி. பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. குழாய்த் துண்டை நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். பதினொன்றரைக்குக் குழாயின் உள்சுவரில் ஒரு பக்கம் மட்டும் வெயில், அடியில் இருட்டு. மேகம் வந்து வந்து போனது. 12.15க்கு ஓரிரு நிமிடம் முன்பு சூரியன் நேர் உச்சிக்கு வந்தது. வெளியே தரையில் நிழல் சுத்தமாக இல்லை. உள்ளே அடிவரை வெளிச்சம் இறங்கி, தரையின் சிமெண்டுப் பொருக்கு தெரிந்தது. மேலிருந்து எடுத்தால் என் தலையே வெயிலை மறைக்கும். போனை மட்டும் பக்கவாட்டில் நீட்டி எடுத்தேன்.

ஆகஸ்ட் 19

உலகப் புகைப்பட நாள். 1839இல் இதே தேதியில்தான் டாகேரின் புகைப்படச் செய்முறையைப் பாரிஸில் எல்லோருக்கும் வெளிப்படுத்தினார்கள். குழுவிலோ சண்டை: நிழலே இல்லாத படம் 'நிழல்' தலைப்பில் சேருமா? "சார், தலைப்பையே கேலி பண்றீங்க" என்றார் ஒரு தம்பி. பதிலுக்கு டாகேர் 1838இல் எடுத்த பாரிஸ் தெருவைப் போட்டேன். வண்டியும் ஆளுமாக இருந்த தெருதான். லென்ஸ் பல நிமிடம் திறந்திருந்ததால் நகர்ந்தவர்கள் யாரும் பதிவாகவில்லை. நின்று பூட்ஸ் துடைத்துக்கொண்டவர் தெரிகிறார். பதிவாகாதவர்களால்தான் அந்தப் படத்துக்கு மவுசு.

அட்மின் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. திருநெல்வேலி நண்பர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "எங்க ஊர்ல எப்போ அண்ணாச்சி?" என்றார். சூரியன் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது, அங்கே மாதக் கடைசியில் வரும். அதற்குள் தலைப்பு மாறிவிடும். பரவாயில்லை, குழாயை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.