ஏழு செவ்வாய்க்கிழமைகள்: வடகாட்டிலிருந்து ஒரத்தநாட்டுக்கு

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் பலா, தென்னை, வாழை என்று நின்றதெல்லாம் படுத்துவிட்டது. அதற்கு மூன்றாம் நாள், விழுந்த பலாமரத்தை அறுக்கும்போது கிளைக்கு அடியில் ஒரு குட்டிநாய் முனகிக்கொண்டு கிடந்தது. பிள்ளைகள் அதற்கு 'கஜா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். செவலை நிறம், சாதாரண நாட்டு நாய். ஆனால் அது வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் ஒரு பலாப்பழம்கூடக் களவு போனதில்லை.

2025 சித்திரையில் கஜா படுத்த இடத்தில் ரத்தச் சொட்டு கிடந்தது. எங்காவது முள் கிழித்திருக்கும் என்று நினைத்தோம். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் சிறுநீர் போகும் இடத்தில் பூக்கோசு போலச் சதை. பக்கத்து டவுனில் ஓரிடத்தில் காட்டினேன். "இது நாய்களுக்கு வர்ற ஒட்டுவாரொட்டிப் புற்று. வாரம் ஒரு ஊசி, அஞ்சாறு வாரம் போட்டா போயிரும்" என்றார்கள். நம்பிக்கையாகத்தான் இருந்தது. முதல் ஊசி போடும்போது கஜா திமிறிவிட்டது. நானும் சரியாகப் பிடிக்கவில்லை. ஊசி முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்றாம் நாள் முன்னங்கால் வீங்கி, நக்கி நக்கித் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. நரம்புக்குள் போக வேண்டிய மருந்து கொஞ்சம் வெளியே கசிந்திருக்கிறது.

அதன் பிறகுதான் ஒரத்தநாடு போனோம்.

எங்கள் ஊருக்குப் பக்கமாக இருக்கும் பெரிய கால்நடை ஆஸ்பத்திரி, ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருப்பதுதான். மாவட்டம் மாறினாலும் எங்களுக்குத் தூரம் அதிகமில்லை. அக்கா மகனிடம் குட்டியானை வண்டி இருக்கிறது. வைக்கோல் பரப்பி, மேலே ஈரச்சாக்கு போட்டு, செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். மே மாதம், அக்னி நட்சத்திரம். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"ஏன் மாமா, ஒரு நாய்க்கா இம்புட்டுத் தூரம்?" என்றான்.

"வண்டிய ஓட்டுடா" என்றேன். வேறு என்ன சொல்வது? மூன்றாவது வாரம் அவனே வைக்கோலை மாற்றி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான்.

அந்த வழியை மாடு வாங்கவும் கல்யாணத்துக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். நோயாளியோடு போகும்போதுதான் ரோட்டில் எங்கெங்கே பள்ளம் என்று தெரிகிறது. கறம்பக்குடி வரைக்கும் செம்மண். வெட்டன்விடுதி, ராங்கியன்விடுதி என்று 'விடுதி'யில் முடியும் ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. தைலமரக் காடு, முந்திரி, நடுவில் போர்வெல் தண்ணீரில் வாழை. திருவோணம் தாண்டினால் தென்னை கூடுகிறது. கல்லணைக் கால்வாயைத் தாண்டியதும் வயல்வெளி. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-ல் வந்த இந்தக் கால்வாயை எங்கள் பெரியவர்கள் 'புது ஆறு' என்பார்கள். இதன் கடைமடை எங்கள் மாவட்டத்து அறந்தாங்கிப் பக்கம்தான். முதல் செவ்வாய் அன்று அதில் மணல்தான் கிடந்தது. நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால், சுற்றிலும் சினைப் பசு, கால் ஒடிந்த ஆடு, கழிச்சல் கண்ட கோழி. எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நாய் கடிக்குமா?" இரண்டாவது, "புத்துநோயா? மனுசனுக்கு ஒட்டுமா?"

வாசகர்களுக்கும் அந்தச் சந்தேகம் வரும். மனிதருக்கு ஒட்டாது, ஆடு மாட்டுக்கும் ஒட்டாது. நாய்க்கு நாய்தான் ஒட்டும். இணை சேரும்போதும், நக்கும்போதும், மோந்து பார்க்கும்போதும் புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போய் அங்கே வளர்கிறது. இதில் கிருமி எதுவும் கிடையாது. பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல், அந்த நாய் செத்த பிறகும் சாகாமல் இன்றுவரை நாய் மாற்றி நாய் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் மரபணுவைப் பார்த்துச் சொல்கிறார்கள். எங்கள் கஜாவும் கார்த்திகையில் பத்து நாள் வீட்டுக்கே வராமல் சுற்றியது. கருத்தடை செய்திருந்தால் இது வந்திருக்க வாய்ப்பு குறைவு. அது என் தப்பு.

முதல் நாள் ஊசியே போடவில்லை. சதையில் கண்ணாடிச் சில்லை ஒற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். காலில் இருந்த புண்ணைக் கழுவி மருந்து வைத்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா கேட்டார்: "மருந்து கசிஞ்ச அன்னைக்கே வெதுவெதுப்பா ஒத்தடம் கொடுத்தீங்களா?" எனக்கு அது தெரியவே தெரியாது. இந்த மருந்து கசிந்தால் வெந்நீர் ஒத்தடம்தான் நல்லதாம். உடனே டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டுமாம். வீங்கட்டும், பார்க்கலாம் என்று இருந்தால் தோல் வெந்துபோய்விடும். ஊசி போட்டதும் நாய் காலை உதறினாலோ, போட்ட இடம் மேடாகத் தெரிந்தாலோ அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

அந்த மருந்தின் பெயர் வின்கிறிஸ்டின். நம் நித்யகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. கறம்பக்குடிப் பக்கம் சுடுகாட்டு ஓரத்தில் வெள்ளையும் ரோசுமாகப் பூத்துக் கிடக்கிறதே, ஆடுகூட வாய் வைக்காதே, அதேதான். எங்கள் பக்கம் சுடுகாட்டுப் பூ என்போம். மனிதர்களுக்கு ரத்தப் புற்றுக்கும் 1960-களிலிருந்து இதைத்தான் கொடுக்கிறார்கள். டன் கணக்கில் காய்ந்த இலையைக் கொட்டினாலும் சில கிராம்தான் கிடைக்குமாம். இதைக் கேட்டதும் எங்கள் அப்பாயி, "அப்ப அந்த எலையவே அரைச்சுக் குடுத்தா என்னடா?" என்றது. கொடுக்கவே கூடாது. அதில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாய் செத்தும் போகலாம்.

இரண்டாம் செவ்வாய் ஊசி. இந்தத் தடவை நான் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நரம்பில் முதலில் ஊசிக்குழாய் போட்டு, வெறும் சலைன் விட்டுக் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து ஏற்றினார்கள். ஐந்து நிமிட வேலை. மீதி ஆறு நாளும் நம் வீட்டில்தான். அந்த ஆறு நாளைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் வாந்தி. எழுதிக் கொடுத்த வாந்தி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தோம். தட்டு நிறையச் சோற்றை முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோழி வேகவைத்த தண்ணீரில் குழைத்த சோறு, ஒரு கைப்பிடி, வெதுவெதுப்பாக, நாளைக்கு ஐந்து வேளை. மஞ்சள், மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு எப்போதுமே ஆகாது. அதுவும் இறங்காத ஒரு நாள், அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கஜா எழுந்து தள்ளாடி அடுப்படி வாசலில் வந்து நின்றது. கருவாடு உப்பு, கொடுக்க முடியாது. மறுநாள் கோட்டைப்பட்டினத்திலிருந்து மொபட்டில் மீன் வந்ததும் வீட்டுக்காரம்மா சூடை மீன் வாங்கி, உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, விரலில் வைத்து ஊட்டினார். தின்றது. அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்த்துத் தின்றோம்.

காலில் இருந்த புண்தான் பெரிய வேதனை. ராத்திரியில் முனகும். பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா, "பாரசிட்டமால் பாதி குடு, வலி கேக்கும்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் நமக்குப் போடும் பாரசிட்டமால், புரூபன், டைக்ளோபெனாக் எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. கல்லீரலும் வயிறும் சிறுநீரகமும் போய்விடும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரை மட்டும்தான். நக்காமல் இருக்க, பெரியவன் பெயின்ட் வாளியின் அடியை அறுத்து, விளிம்புக்குத் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டிவிட்டான். முதல் நாள் அதோடு மாட்டுத்தொட்டியில் இடித்து இடித்து நின்றது. சின்னது சிரித்துவிட்டு அப்புறம் அழுதது.

பலாமரத்தடியில் ஆற்று மணல் கொட்டி, தண்ணீர் தெளித்துப் படுக்கை. ஊசி போட்ட மூன்று நாளைக்குச் சிறுநீர், சாணம், வாந்தி எதையும் வெறுங்கையால் தொடவில்லை. கையுறை போட்டு அள்ளிக் குழி தோண்டி மூடினோம். மருந்து அதில் வெளியே வரும். பிள்ளைகளையும் மாசமாக இருந்த தம்பி பெண்டாட்டியையும் அந்தப் பக்கம் விடவில்லை. தீவனத்துப் பக்கமும் நாயை விடவில்லை. உண்ணிக்கு ஊசி போடுவதாக இருந்தாலும் இந்தச் சிகிச்சை நடப்பதைச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

மூன்றாம் செவ்வாய் போட்ட ஊசிக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கஜா தண்ணீரையும் தொடவில்லை. காது கொதித்தது. தெர்மாமீட்டர் வைத்தேன். 104. நல்ல நாய்க்கு 101-லிருந்து 102.5 வரை இருக்கும். வீட்டுக்காரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "போதுங்க. அது நம்மகிட்ட எதுவும் கேக்கலயே. எதுக்கு இப்புடிப் போட்டு வதைக்கணும்?" என்றார்.

எனக்கும் அதே எண்ணம்தான். புற்று வலித்ததாகத் தெரியவில்லை. வலியெல்லாம் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தது. நாய்க்கு அது எதற்கு என்று புரியவும் போவதில்லை. ஆனால் டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார்: ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணு குறையும், அப்போது காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள் என்று. எங்கள் பகுதி கால்நடை மருத்துவர் அந்த நேரத்திலும் போனை எடுத்தார். விடிவதற்குள் வந்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, சலைன் ஏற்றினார். பாட்டிலை பலாக்கிளையில் கட்டினோம். நான் சொன்னேன்: "செவ்வாக்கெழம போயிக் கேப்போம். கட்டி கொறையலன்னா நிப்பாட்டிருவோம்." அப்பாயி விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, விடியும்வரை அதன் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. நாயை வீட்டுப் படி ஏறவிடாத அப்பாயி.

நான்காம் செவ்வாய். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் ஊசி வேண்டாம்" என்றார்கள். கட்டியை அளந்தார்கள். பாதிக்கும் கீழே வந்திருந்தது. திரும்பி வரும்போது அக்கா மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. கறம்பக்குடியில் வண்டியை நிறுத்தி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஐந்தாம், ஆறாம் வாரங்களில் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஊசி, ஒரு நாள் வாந்தி, இரண்டு நாள் மலச்சிக்கல், பிறகு தெளிவு. மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். பின்னங்கால் தளர்ந்து நடந்ததும் இந்த மருந்தால்தான், சரியாகிவிடும் என்றார்கள். சரியானது. இந்தப் புற்று பெரும்பாலான நாய்களுக்கு இந்த ஊசியிலேயே முழுக்கக் குணமாகிவிடுகிறது. எல்லாப் புற்றும் இப்படி இல்லை. வயதான நாய், எலும்பிலோ நுரையீரலிலோ வந்த புற்று என்றால் வீட்டுக்காரம்மா கேட்ட கேள்விக்கு வேறு பதில் இருக்கலாம். அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஜூன் பாதியில் கல்லணை திறந்தார்கள். ஏழாம் செவ்வாய் நாங்கள் போனபோது புது ஆற்றில் செக்கச்செவேலென்று தண்ணீர் ஓடியது. பாலத்தில் வண்டியை மெதுவாக விட்டான். கஜா வைக்கோலிலிருந்து எழுந்து, முன்னங்கால் இரண்டையும் பக்கப்பலகையில் வைத்துத் தண்ணீரைப் பார்த்துக் குரைத்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சதை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மாதம் கழித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். ஆவணியில் கருத்தடையும் முடிந்தது.

காலில் புண் ஆறிய இடத்தில் இப்போது முடி முளைத்திருக்கிறது. செவலை நாய்க்கு அந்த இடத்தில் மட்டும் வெள்ளை.