லண்டனில் கேட்ட பச்சைக்கிளிச் சத்தம்



மகள் வீட்டுக்கு லண்டன் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலை பேரனோடு கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போனேன். அவன் கையில் நோட்டு. குளத்தில் நின்ற கனடா வாத்து, எகிப்து வாத்து இரண்டையும் எழுதிக்கொண்டு, "இதெல்லாம் இந்த ஊர்ப் பறவையே இல்லை ஆச்சி, மனுசங்க கொண்டுவந்தது" என்றான்.

அப்போது தலைக்கு மேல் "கீ... கீ..." என்று ஒரு சத்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன். நம்ம ஊர்ப் பச்சைக்கிளி! ஆண்கிளியின் கழுத்தில் அதே கறுப்பும் ரோஜாவும் கலந்த வளையம். பீட்டர் பான் சிலை பக்கம் ஆப்பிள் துண்டை நீட்டினால் கையிலேயே வந்து உட்காருகின்றன. தீனி போட வேண்டாம் என்கிறது பூங்கா நிர்வாகம், கேட்பவர்கள் குறைவு.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற பாடகர் திறந்துவிட்ட கிளிகளின் வம்சம் இது என்று ஒரு கதை உண்டு. அது உண்மையில்லை என்று 2019-இல் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். 1855-லேயே இங்கிலாந்தில் வெளியே பறந்த கிளியைப் பார்த்திருக்கிறார்கள். 1929-30 வாக்கில் கிளிக்காய்ச்சல் பயம் பரவியபோது, வளர்த்தவர்களே பலர் கூண்டைத் திறந்து விட்டிருக்கலாமாம். மற்ற பறவைகளுக்கு முன்பே இவை மரப்பொந்துகளைப் பிடித்துக்கொள்வதால், உள்ளூர்ப் பறவைகளுக்கு இடைஞ்சல் என்ற கவலையும் இங்கே இருக்கிறது. அதில் கிளியின் குற்றம் என்ன? கூண்டில் அடைத்தது மனிதன்தானே.

"நீங்க கிளி வளர்த்திருக்கீங்களா ஆச்சி?" என்று பேரன் கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது.

1988. நான் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டுப்போன பனையின் பொந்திலிருந்து ஒரு பையன் கிளிக்குஞ்சு எடுத்துவந்தான். கண்டிக்க வேண்டிய நான், மகிழ்ந்து வாங்கி வகுப்பில் கூண்டு வைத்தேன். பிள்ளைகள் போட்டி போட்டுக் கோவைப்பழம் கொண்டுவருவார்கள். பறந்துவிடக் கூடாதென்று இறக்கையை நான்தான் கத்தரித்தேன். கோடை விடுமுறை வந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூண்டைத் திறந்து வேப்பமரத்தடியில் விட்டேன். அதனால் பறக்க முடியவில்லை. என் கண்முன்னேயே பூனை கவ்விக்கொண்டு போய்விட்டது.

பள்ளி திறந்ததும் பிள்ளைகள், "டீச்சர், கிளி எங்கே?" என்றார்கள். "பறந்து போயிடுச்சு" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நேற்று அந்த மரத்தடியில் பேரனிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். கண்ணுகளா, அன்று டீச்சர் சொன்னது பொய். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் யாரேனும் கிளிக்குஞ்சு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் நம் நாட்டில் சட்டப்படி குற்றம்.