அடியில் ஒரு பெயர்

எந்தப் பானையைக் கையில் எடுத்தாலும் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். மண்பாண்டம் செய்யும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கும். விரிசல் ஓடியிருக்கிறதா, அடி சமமாக உட்காருமா என்று பார்ப்போம். அங்கே பெயர் ஒன்று இருக்கக்கூடும் என்பது, கல்லூரி நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தைப் புரட்டும்வரை எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் வீட்டில் சக்கரம் அப்பாவுடையது, அம்மா அதைத் தொடக்கூடாது. மண்ணைச் சலிப்பது, மிதிப்பது, காவி பூசுவது, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது, சூளைக்கு எரு சேர்ப்பது எல்லாம் அம்மா. சந்தையில் கேட்டால் அது அப்பா செய்த பானை.

புத்தகத்தில் இருந்தது ஒரு கறுப்புப் பானை. செய்தவர் மரியா மார்டினெஸ். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், தேவா மொழி பேசும் பியூப்ளோ மக்களின் சான் இல்டஃபான்சோ என்ற ஊரைச் சேர்ந்தவர். அங்கே சக்கரம் கிடையாது. ஐரோப்பியர் வரும்வரை அமெரிக்கக் கண்டங்கள் எதிலும் குயவர் சக்கரம் இருந்ததில்லை. களிமண்ணோடு எரிமலைச் சாம்பலைக் கலந்து, கயிறுபோல் திரித்து, சுருள் சுருளாக அடுக்கி, சுரைக்குடுக்கைத் துண்டால் வழித்து மட்டமாக்குவார்கள். பிறகு செங்களிக் குழம்பு பூசி, ஈரம் காய்வதற்குள் வழுவழுப்பான கல்லால் தேய்க்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் கோடு விழுந்துவிடும். அந்தக் கற்களைத் தாயிடமிருந்து மகள் வாங்கிக்கொள்வாள். தொடக்கூடாத சக்கரமே இல்லாத ஊரில், முழுப் பானையும் பெண்ணின் கையில் எழும்புகிறது.

சுவரும் அப்படித்தான். 1630இல் பெனாவிடெஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார், இந்த மக்களிடையே சுவர் எழுப்புவது பெண்கள் வேலை என்றும், ஆணைச் சுவர் கட்டச் சொன்னால் அவன் ஓடிவிடுவான், பெண்கள் சிரிப்பார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு ஆசை.

எரியும் பானைகளின் மேல் பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடினால் காற்று நின்று புகை ஏறும், பானை கறுப்பாகும். மூடாமல் விட்டால் அதே பானை சிவப்பு. கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளிலும் கறுப்பு வந்தது காற்றை மறைத்துத்தான் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. மரியாவும் கணவர் ஜூலியனும் 1918, 1919 வாக்கில் இதில் ஒரு புதுமை செய்தார்கள். பளபளக்கும் கறுப்பின் மேல் மங்கலான கறுப்பில் ஓவியம். ஓவியம் ஜூலியன் தீட்டியது, பானையும் பளபளப்பும் மரியாவுடையவை. அதைக் கண்டவர்கள் வாங்க வந்தார்கள். மரியா அந்த வித்தையை ஒளித்துவைக்கவில்லை, ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அதுவரை அந்த ஊரில் யாரும் பானையில் கையெழுத்துப் போட்டதில்லை. 1920களில் மரியா போடத் தொடங்கினார், அதுவும் ‘மேரி’ என்று. வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் பழக்கமானது என்று சொல்லியிருந்தார்கள். பெயர் இருந்தால் விலை கூடுகிறது என்பது ஊருக்குத் தெரிந்ததும், மற்றப் பெண்கள் தங்கள் பானைகளைக் கொண்டுவந்து மரியாவிடம் நீட்டினார்கள். அவரும் அவற்றின் அடியில் தன் பெயரை எழுதிக்கொடுத்தார்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பெண்ணின் உழைப்புக்குப் பெயர் இல்லை என்றுதானே இத்தனை காலம் பேசுகிறோம்? அருங்காட்சியகங்களில் ‘கலைஞர் பெயர் தெரியவில்லை’ என்ற அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைப்பது அம்மாவை. இங்கே ஒரு பெண்ணின் பெயரே மற்றப் பெண்களின் பெயரை விழுங்கிவிட்டதே. கறுப்புப் பானை சேகரிப்பவர்களுக்கும் இதில் குறை உண்டு, ஆனால் அவர்கள் கவலை வேறு. பணம் கொடுத்தது அசலுக்கா இல்லையா என்பது.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். காவி பூசிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“காசு யாருக்குடி போச்சு?”

“செஞ்சவளுக்குத்தான்மா.”

“அப்ப நல்ல பொம்பளதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பானையை எடுத்தாள்.

எனக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. காசு வந்தது சரி, அந்தப் பெண்களின் பெயர்? இந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. எங்கள் வீட்டில் பெயரும் அப்பாவுக்கு, காசும் அப்பாவுக்கு. நான் பெயரைப் பற்றி மட்டுமே கட்டுரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா ஒரு நாளும் சந்தைக் காசை எண்ணி நான் பார்த்ததில்லை.

ஜூலியன் 1943இல் இறந்தபின் மரியா மருமகள் சாந்தானாவோடு சேர்ந்து செய்தார். அடியில் இரண்டு பெண்களின் பெயர். பிறகு ஓவியம் தீட்டியது மகன் போபோவி. முதுமையில், ஓவியம் எதுவும் இல்லாமல் வெறும் பளபளப்போடு விட்ட பானைகளில் ‘மரியா போவேகா’ என்று எழுதினார். போவேகா அவருடைய தேவா மொழிப் பெயர். குளத்தில் பூக்கும் அல்லி என்பதுபோல் பொருள். 1980இல் இறந்தார்.

கைப்பேசியில் அவர் பானையைத் தேய்க்கும் பழைய படம் ஒன்றை அம்மாவுக்குக் காட்டினேன். முகத்தையோ பானையையோ பார்க்காமல், “அந்தக் கல்லைக் கிட்டக் காட்டு” என்றாள். பெரிதாக்கிக் காட்டினேன். இடுப்பில் செருகியிருந்த தன் கல்லை எடுத்துத் திரையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“என்னுது சின்னது” என்றாள்.