கேத்தே வாசலில் தொடங்கிய நடை

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே "சாப்பிட்டாச்சா, என்ன குழம்பு?" என்று கேட்டு என்னைத் திசை திருப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். நீளமாகப் போகும். மத்தியானம் அத்தை கண்ணயர்ந்த பிறகு பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்.

வந்ததிலிருந்து முஸ்தபா, செந்தோசா என்று மகள் இழுத்த இழுப்புக்கெல்லாம் போயாச்சு. நேற்று மாப்பிள்ளை தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்தார். இரண்டாம் உலகப் போர் நடந்த இடங்களையெல்லாம் நடத்தியே கூட்டிப்போய்க் காட்டுகிறார்களாம், வழிகாட்டி கூடவே வந்து கதை சொல்வாராம். எங்க வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "நடக்கிறதுக்குக் காசா?" நியாயமாகப் பார்த்தால் சரித்திர டீச்சரான நீ போயிருக்க வேண்டும். கணக்கு டீச்சரான எனக்கு வாய்த்தது. ஆனால் போனது நல்லதாகப் போயிற்று, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

டோபி காட் ரயில் நிலையத்து வாசலில் கூடினோம். கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் உனக்குத் தலை வெடித்துவிடும். ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி. அந்தம்மாவின் தாத்தா சாங்கி சிறை முகாமில் இருந்தவராம். அவருடைய பழைய போட்டோவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தார். பெங்களூரிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. குண்டே விழுந்தாலும் செல்ஃபி எடுத்த பிறகுதான் ஓடுவார்கள். ஓரமாக, தனியாக ஒரு ஜப்பானியப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். எந்த ஊர் என்று வழிகாட்டி கேட்டு அவள் "ஒசாகா" என்றதும் எல்லோரும் ஒரு நொடி தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். வழிகாட்டி எழுபதைத் தொட்ட சீனத்து அம்மாள். கட்டையாக வெட்டிய முடி, உயரத் தூக்கிப் பிடித்த மூடிய குடை, நம் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் போல ஒரு குரல். யாராவது பின்தங்கினால் குடை அந்தப் பக்கம் திரும்பும். அதிகம் திரும்பியது எங்க வீட்டுக்காரர் பக்கம்.

முதல் நிறுத்தம் கேத்தே. 1939-ல் திறந்த ஏசி தியேட்டர். அதையொட்டி எழும்பிய கட்டடம்தான் அந்தக் காலத்தில் ஊரிலேயே உயரம். இப்போது முகப்பு மட்டும் பழசு. அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இது உங்கள் கதை, முன்னால் வாருங்கள்" என்றார். 1943 அக்டோபர் 21-ஆம் தேதி நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தது இந்தத் தியேட்டருக்குள்தான். மறுநாளே பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தாயிற்று, பக்கத்தில் வாட்டர்லூ தெருவில். தலைமை ஏற்றவர் நம் கேப்டன் லட்சுமி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1940-ல் இங்கே வந்து டாக்டராக இருந்தவர். அம்மா, அரசியல் நிர்ணய சபையில் இருந்த அம்மு சுவாமிநாதன். தங்கை, நாட்டியக்காரர் மிருணாளினி சாராபாய். 2002-ல் நம் கலாமை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றாரே, அதே லட்சுமி செகல்தான். இதையெல்லாம் நான் எடுத்துவிட்டதும் பெங்களூர்ப் பெண் முதல்முறையாகச் செல்போனைக் கீழே இறக்கினாள்.

ஆனால் சரசு, படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் டாக்டர் வீட்டுப் பெண்கள் இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய வீட்டுப் பெண்கள், பாதிக்கு மேல் நம் தமிழ்ப் பெண்கள். தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வராதவர்கள் காக்கி கால்சட்டை போட்டுத் துப்பாக்கி பிடித்திருக்கிறார்கள். நம் அம்மாக்கள் அந்த வயதில் வாசல் தாண்ட அனுமதி கேட்டு நின்றார்கள் என்பதை நினைத்துப் பார்.

ரோட்டைக் கடந்தால் ஒய்.எம்.சி.ஏ. இன்றைக்கு இருப்பது புதுக் கட்டடம். அதே இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில்தான் கெம்பெய்தாய், அதாவது ஜப்பானிய ராணுவப் போலீஸ். 1943 செப்டம்பரில் நேச நாட்டுக் கமாண்டோக்கள் மீன்பிடிப் படகு வேஷத்தில் வந்து துறைமுகத்துக் கப்பல்களுக்கு வெடி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜப்பானியர்களுக்கோ உள்ளூர்க்காரர்கள் மேல் சந்தேகம். அக்டோபர் 10-லிருந்து பிடித்து அடைக்க ஆரம்பித்தார்கள். அதில் மாட்டியவர் எலிசபெத் சாய் என்கிற பள்ளி ஆசிரியை. அவரும் கணவரும் சாங்கியில் அடைபட்டவர்களுக்குச் சாப்பாடும் செய்தியும் கடத்திக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட 200 நாள் சித்திரவதை, மின்சார அதிர்ச்சி உட்பட. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை அந்த மனுஷி. 1951-ல் சட்டமன்றத்துக்குள் போனார், 2006 வரை வாழ்ந்தார். நம் இனத்தவர், அதாவது டீச்சர் இனம். மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

அடுத்து ஃபோர்ட் கேனிங் குன்று. படிக்கட்டைப் பார்த்ததுமே எங்க வீட்டுக்காரரின் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. குன்றுக்குள் தரையிலிருந்து 9 மீட்டர் ஆழத்தில் பதுங்கு அறைகள். 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டு முதல் நாள். அன்று காலை இங்கேதான் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவலும் மற்ற தளபதிகளும் கூடிச் சரணடைவது என்று முடிவு செய்தார்கள். எனக்குக் கணக்கு உதைத்தது. தீவைத் தாக்கிய ஜப்பானியர் 35,000 பேர் அளவில். சரணடைந்தவர்கள் 80,000-க்கும் மேல், அதில் பெரும் பங்கு இந்தியச் சிப்பாய்கள். எப்படி என்று கேட்டேன். அம்மாள் விரல் விட்டுச் சொன்னார்: விமானமும் இல்லை, டாங்கியும் இல்லை, நீர்த்தேக்கங்கள் எதிரி கையில், ஊருக்குள் குண்டு விழுந்து குழாயெல்லாம் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடுகிறது, பத்து லட்சம் ஜனம் எப்படித் தாக்குப்பிடிக்கும்? இதில் கூத்து என்னவென்றால், ஜப்பானியத் தளபதி யமாஷிதா கையிலும் வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது. அதை வெளியில் காட்டாமல், சாயங்காலம் புக்கிட் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலையில் மேஜையைத் தட்டி அதட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார். நம் ஊர் மாட்டுச் சந்தைத் தரகர்கள் பிச்சை வாங்க வேண்டும்.

பின்குறிப்பாக ஒரு வம்பு. 1945 செப்டம்பர் 3-ல் அதே யமாஷிதா பிலிப்பைன்ஸில் சரணடைந்தபோது, எதிரே பெர்சிவலைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். கணக்கு நேராகிவிட்டது என்கிறாயா? யமாஷிதாவுக்கு 1946-ல் தூக்கு.

இறங்கி வந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைத் தாண்டினோம். கடைசி நாட்களில் அது ஆஸ்பத்திரியாக இருந்ததாம். எதிரே பாடாங் மைதானம். சரணடைந்த மூன்றாம் நாள் வெள்ளைக்காரக் குடும்பங்களை இங்கே வெயிலில் நிறுத்திச் சாங்கிப் பக்கம் நடக்க வைத்தார்கள். 1943 ஜூலை 5-ல் நேதாஜி இங்கேதான் ஐ.என்.ஏ., அதாவது இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றார். 1945 செப்டம்பர் 12-ல் ஜப்பானியர் மவுன்ட்பேட்டன் முன்னால் கையெழுத்துப் போட்டது மைதானத்தை ஒட்டிய நகராட்சிக் கட்டடத்தில். அது இப்போது ஓவியக் காட்சியகம். ஆஸ்திரேலிய அம்மாள் தாத்தாவின் போட்டோவை எடுத்து மைதானத்தைப் பார்க்கத் திருப்பிக் காட்டினார். எங்க வீட்டுக்காரர் அப்போதுதான் வாயை மூடினார்.

எஸ்பிளனேட் பூங்காவில் மர நிழலில் உட்கார வைத்து, அம்மாள் ஒரு ஃபைலைப் பிரித்தார். உள்ளே வாழைமரமும் குலையும் அச்சடித்த பத்து டாலர் நோட்டு. ஜப்பானியர் இஷ்டத்துக்கு அடித்துவிட்ட காசு. "வாழைக்காசு" என்றுதான் பேர். விலைவாசி வானத்துக்குப் போயிற்று, போர் முடிந்த அன்றே அத்தனையும் செல்லாக்காசு. எங்க வீட்டுக்காரர் "நமக்குக்கூட 2016-ல்..." என்று தொடங்கினார். முழங்கையால் ஓர் இடி கொடுத்தேன்.

அரிசி கிடைக்காமல் மூன்றரை வருஷம் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடாம். அம்மாள் சொன்னார்: "என் தாயார் சாகும்வரை அந்தக் கிழங்கை வீட்டுக்குள் விடவில்லை." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, சரசு. உன் மாமியார்! சந்தையில் மரவள்ளி வாங்கி வந்ததற்கு உன்னை வாசலிலேயே நிறுத்திவைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "கிழங்குக்கு என்ன தீட்டா?" என்று என்னிடம் வந்து புலம்பினாயே! அத்தை கிள்ளான் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். போர் முடிந்து அம்மாவோடும் தம்பியோடும் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய கதையை நாம் நூறு தடவை கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் அப்பா மட்டும் கப்பலேற மாட்டார். ஏன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தப் பூங்காவில்தான் ஐ.என்.ஏ. நினைவிடம் இருந்தது. 1945 ஜூலை 8-ல் நேதாஜி அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த ஆங்கிலேயர் செப்டம்பரிலேயே இடித்துத் தள்ளினார்கள். இப்போது 1995-ல் வைத்த ஓர் அடையாளப் பலகை. அதன் முன்னால் நின்றுதான் சயாம் ரயில் பற்றிக் கேட்டேன். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. போர்க் கைதிகள் போதாமல், மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களை நல்ல கூலி என்று ஆசை காட்டியும், ஆசைக்கு மசியாதவர்களை லாரியில் அள்ளியும் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். கைதிச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பேர் பொறித்த கல்லறைகள். கூலிகளின் பேரை எழுதிவைக்க ஆளில்லை.

இப்போது கணக்கு டீச்சர் சொல்வதைக் கேள். அந்தப் பாதையின் இரு முனையும் வந்து சேர்ந்த நாள் 1943 அக்டோபர் 17. கேத்தேயில் நேதாஜி அரசை அறிவித்தது அக்டோபர் 21. நடுவே நாலே நாள். மகள் துப்பாக்கி பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பன் அதே ஜப்பானியனிடம் காட்டில் கல் உடைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். நேதாஜியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டால் அது பாதிக் கணக்கு. நம் பாடப் புத்தகத்தில் ஐ.என்.ஏ. ஐந்து மார்க் கேள்வியாக வந்தது. சயாம் ரயில் வந்ததா? நீதான் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பீச் ரோட்டில் குடிமக்கள் போர் நினைவுச்சின்னம். அடியில் சேர்ந்து மேலே பிரிந்து போகும் நான்கு வெள்ளைத் தூண்கள், உயரம் 67 மீட்டருக்கு மேல். சாப்பிடும் குச்சி என்று ஊரில் செல்லப் பேர். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று இனத்துக்கொரு தூண். 1962-ல் சிக்லாப் பக்கம் மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் குவியலாக வந்தன. அவற்றைத் தாழிகளில் இட்டு இதன் அடியில் புதைத்து, 1967 பிப்ரவரி 15-ல் பிரதமர் லீ குவான் யூ திறந்து வைத்தார். அந்த லீயே தப்பிப் பிழைத்தவர்தான். ஜப்பானியர் சீன ஆண்களை வடிகட்டி எடுத்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றபோது, சாவடியில் அவரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். சாமான் எடுத்து வருகிறேன் என்று நழுவி, ரிக்‌ஷாக்காரர் அறையில் பதுங்கியிருந்துவிட்டார். ஜப்பானியக் கணக்கில் செத்தவர் 5,000. சீனச் சமூகத்தின் கணக்கு 50,000 வரை போகிறது. வழிகாட்டி அம்மாளின் சித்தப்பாவும் திரும்பி வராதவர்களில் ஒருவராம். அதை மற்ற தகவல்களைப் போலவே குரல் மாறாமல் சொன்னார்.

பீடத்தில் நான்கு மொழியில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள், நம் தமிழும் உண்டு. ஜப்பானியப் பெண் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், "பள்ளியில் எங்களுக்கு இவ்வளவு சொல்லித்தரவில்லை" என்றாள். அம்மாள், "அதனால்தான் நடக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தூக்கினார். எனக்கு அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நாம் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் அந்த லட்சணந்தானே!

பிறகு தேக்காவில் மசால் தோசை, எங்க வீட்டுக்காரர் காலுக்குத் தைலம், மகளிடமிருந்து "அப்பாவை ஏன் இவ்வளவு நடத்தினீங்க" என்று எனக்கு அர்ச்சனை. அதெல்லாம் நேரில்.

சரசு, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தையின் அப்பா சயாமுக்குத்தான் போனார் என்று நான் முடிவு கட்டவில்லை. கேட்டால்தானே தெரியும்? அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, நினைவு இன்னும் தெளிவாக இருக்கிறது. சாயங்காலக் காபி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை எடு, டீவியை நிறுத்திவிட்டு. அழுதால் அத்தோடு விட்டுவிடு, மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். தோட்டத்தின் பேர், அப்பாவின் பேர், எந்த மாதம் யார் வந்து கூட்டிப்போனார்கள், இந்த மூன்றையும் முதலில் ஒரு நோட்டில் எழுது. பேரனிடம் சொல்லிச் செல்போனில் குரலையும் பதிந்துவை. பொங்கலுக்கு நான் வருவேன் என்று காத்திருக்காதே, இந்த வாரமே கேள்.

அன்புடன்,
உன் பத்மா