தன் கையே தனக்கு உதவி

கருவியைக் கையாள்வோர் பலர். அதன் உள்ளியல்பை அறிந்தோர் சிலர். நாள்தோறும் மகிழுந்து ஓட்டுபவரும் அதன் முன்மூடியைத் திறந்து பார்ப்பது அரிது. பொறுமையும் சில கருவிகளும் இருந்தால், ஸ்பார்க் பிளக்கை மாற்றும் பணியை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம்.

பெட்ரோல் எஞ்சினில், காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி இப்பிளக்கின் நுனியில் பிறக்கிறது. ஜெர்மனியில் இராபர்ட் பாஷ் நிறுவனத்தின் பொறியாளரான காட்லோப் ஹோனோல்டு 1902இல் இதற்கு நடைமுறைக்கு உகந்த வடிவம் தந்தார். நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை தீப்பொறி எழுப்புகிறது. இவ்வளவு உழைக்கும் பொருள் தேய்வது இயல்பே.

டர்போ பொருத்திய எஞ்சினில் இதன் பணி மேலும் கடினமானது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலி சுழல்கிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் புறக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலை மையம் உருவாக்கிய விகாஸ் ஏவூர்தி எஞ்சினிலும் சூடான வாயுவே சுழலியைச் சுழற்றி, எரிபொருளை இறைக்கும் பம்பை இயக்குகிறது. அங்கே எரிபொருளைத் தள்ளும் தத்துவம் இங்கே காற்றைத் தள்ளுகிறது. அழுத்தம் மிகுந்த கலவையைக் கடந்து தீப்பொறி பாய உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். ஆதலால் டர்போ எஞ்சினின் பிளக்கில் இரு முனைகளுக்கு இடைப்பட்ட இடைவெளி பெரும்பாலும் குறுகியதாக அமைகிறது. நாளடைவில் முனை தேய, இடைவெளி விரிகிறது. ஏற்றத்தில் வண்டி குலுங்குகிறது, எரிபொருள் வீணாகிறது, எரியாத எரிபொருள் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியையும் கெடுக்கிறது.

பணியைத் தொடங்குமுன் எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருத்தல் வேண்டும். டர்போவும் அதனைச் சூழ்ந்த குழாய்களும் கடுமையாகச் சூடேறுபவை. அவசரம் கையைச் சுட்டுவிடும். மேலும், சூடான அலுமினியத் தலைப்பகுதியிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரை சிதையக்கூடும். முதலில் பேட்டரியின் எதிர்முனை இணைப்பை நீக்க வேண்டும். பின்னர் ஒரு காயிலின் மின் இணைப்பைக் கழற்றி, திருகாணியை நீக்கி, காயிலை நேராக மேலே தூக்க வேண்டும். கடற்காற்றும் இரு பருவமழையும் உடைய திருவனந்தபுரத்தில் பிளக் குழியில் ஈரமும் தூசியும் தேங்கக்கூடும். அவற்றை ஊதி அகற்றாமல் பிளக்கைக் கழற்றினால் அழுக்கு சிலிண்டருக்குள் விழும். அனைத்துப் பிளக்குகளையும் ஒருசேரக் கழற்றாமல், ஒன்றை மாற்றி முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

கழற்றிய பிளக் ஓர் ஓலைச்சுவடி போன்றது. படிக்கத் தெரிந்தவருக்கு எஞ்சினின் நலத்தை உரைக்கும். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி, எரிபொருள் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பசை, எண்ணெய்க் கசிவை அறிவிக்கும். வெளுத்துக் கொப்புளித்த நுனி, மிகுவெப்பத்தின் எச்சரிக்கை.

புதிய பிளக், வண்டியின் கையேடு குறிப்பிடும் வகையாகவே இருத்தல் வேண்டும். இரிடியத்தின் உருகுநிலை 2,400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது; ஆயினும் இரிடியம் பிளக்கின் மெல்லிய முனை கீழே விழுந்தால் பழுதாகிவிடும். பொருத்தும்போது முதற் சுற்றுகளை விரல்களாலேயே திருக வேண்டும். தடை தோன்றினால் வலிமையைக் காட்டாமல் வெளியே எடுத்து மீண்டும் தொடங்குவதே அறிவுடைமை. மரை மாறிப் பதிந்தால் சிறு செலவில் முடியும் பணி பெருஞ்செலவாகிவிடும். இறுதியாக, டார்க் ரெஞ்சு கொண்டு கையேடு கூறும் அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும். பழைய பிளக் அசையாமல் சிக்கிக்கொண்டால் தேர்ந்த மெக்கானிக்கை நாடுவதில் இழிவு ஏதுமில்லை. தன் எல்லையை அறிதலும் தொழிலறிவே.

கோவை மாவட்டம் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளியில் நெடுநாள் பயின்றவரல்லர். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவகத்தில் உழைத்துப் பொருள் சேர்த்து அதனை வாங்கினார். பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டி, அதன் இயக்கத்தைக் கற்றார். 1920இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கிய அவர், பின்னாளில் பெருந்தொழில்கள் பலவற்றை நிறுவினார். அவருக்கு அந்த வண்டியே முதற் பாடநூலாயிற்று.

எஞ்சினின் படத்தை வரைந்து மதிப்பெண் பெறும் மாணவர் பலர் ஒரு ஸ்பேனரைப் பிடித்தறியார். கையில் கறை படிந்தால் மதிப்புக் குறையும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். கறை சோப்பினால் நீங்கும்; அறியாமை அவ்வாறு நீங்காது. பெரியோர் துணையுடன் ஒரு முறையேனும் கருவியைத் தொட்டுக் கற்றவர், அதனைப் பழுது பார்ப்பவரின் உழைப்பையும் மதிக்கக் கற்றுக்கொள்வார்.

அருஞ்சொற்பொருள்
மரை – திருகின் சுற்று வரி
சுழலி – வாயு அல்லது நீரின் விசையால் சுழலும் சக்கரம்

சிந்தித்து எழுதுக
1. டர்போ எஞ்சினின் பிளக்கில் இடைவெளி குறுகியிருப்பது ஏன்?
2. ‘தன் எல்லையை அறிதலும் தொழிலறிவே’ – விளக்குக.
3. நும் வீட்டில் நீவிரே செய்யத்தக்க பழுது நீக்கும் பணி ஒன்றனை முறைப்படுத்தி எழுதுக.