கம்பியில் ஒரு பெயர்

டீச்சர் என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் பேத்தியோடு கன்னியாகுமரி போயிருந்தேன். கடற்கரையில் ஒரு தம்பி கம்பியை வளைத்துப் பெயர் செய்து விற்றுக்கொண்டிருந்தார். "தமிழில் செய்து கொடுங்க தம்பி" என்றேன். "தமிழ் வராதும்மா, புள்ளி நிக்காது" என்றார். முப்பது வருடம் அ, ஆ சொல்லிக்கொடுத்தவளுக்கு அது பொறுக்குமா? ஊருக்கு வந்ததும் ஒரு மூக்குக் குறடும் ஒரு சுருள் செம்புக் கம்பியும் வாங்கிவிட்டேன்.

இப்போது ஓரளவு கை வந்துவிட்டது. முதலில் பெயரைத் தாளில் பெரிதாக எழுதிக்கொள்வேன். எழுத்தின் மேலேயே நூலை ஓட்டி அளந்து, நாலு விரல் கூடுதலாகக் கம்பியை வெட்டுவேன். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பருமன்தான் வளைக்க வசதி. நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், அதனால் குறட்டுக்குப் பிடிக்கும். ஒன்றை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டேன். தப்பாக வளைத்ததை நிமிர்த்தி, மறுபடி வளைத்து, மறுபடி நிமிர்த்தினால் செம்பு அந்த இடத்தில் இறுகிப்போய் ஒடிந்துவிடும். தணலில் சிவக்கக் காட்டி எடுத்தால் மறுபடி இளகும். ஆனால் சிலேட்டில் எச்சில் தொட்டு அழிப்பது போல இதில் அழிக்க முடியாது.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். 1988 ஜூனில் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிள்ளை. வீட்டில் நாலாவது பெண். அவள் அப்பா சொன்ன பெயர் 'போதும்பொண்ணு'. எனக்கு மனசு கேட்கவில்லை. "வேற பேரு எழுதட்டுமா?" என்றேன். "உங்க இஷ்டம் டீச்சர்" என்றார். அழகான பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதினேன். அந்தப் பிள்ளை பக்கத்தில்தான் நின்றது. அதனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நான் செய்த நல்ல காரியம் என்று இந்தக் கதையை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். உங்களில் பலர் கேட்டும் இருப்பீர்கள்.

"உன் பேர்ல ஒரு டாலர் செஞ்சு அனுப்பறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"டீச்சர், 'போதும்'னு செஞ்சு தருவீங்களா? நீங்க வெச்ச பேரு நல்ல பேருதான். ரேஷன் கார்டு வரைக்கும் அதுதான். ஆனா அம்மா ஒரு நாளும் அப்படிக் கூப்பிடல. கடைசி வரைக்கும் போதும், போதும்னுதான். அவங்க கூப்பிடும்போது எனக்கு அந்த அர்த்தமே தோணாது டீச்சர். அம்மா போய் ஒரு வருசம் ஆச்சு. இப்ப அப்படிக் கூப்பிட ஆளே இல்ல."

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அப்படிப் பெயர் வைத்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு தாயின் குரலும் இருக்கும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

மறுநாள் உட்கார்ந்தேன். இரட்டைச்சுழிக் கொம்பில் ஆரம்பித்தேன். சுழியையே சங்கிலி மாட்டும் வளையமாக விட்டேன். பகரம், கால், து என்று ஒரே கம்பியாகப் போய் மகரத்தை முடித்து, நுனியை மேலே ஏற்றிக் குறட்டு முனையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். அதுதான் புள்ளி. சங்கிலியின் மறுமுனை அதில் மாட்டிக்கொண்டது. நிற்காது என்றாரே அந்தத் தம்பி, நின்றுவிட்டது! கழுத்தில் கீறாமல் இருக்க நுனியை அரத்தால் ராவி, கூரியரில் அனுப்பினேன். வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும், புளி போட்டுத் தேய்த்துக்கொள் என்று ஒரு சீட்டும் வைத்தேன்.

வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவள் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்: "போ... தும். என்னம்மா போதும்?" பின்னால் இவள் சிரிக்கிற சத்தம். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் யார் பெயரையாவது நான் கேட்காமல் மாற்றியிருந்தால் மன்னித்துவிடுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரை எழுதி அனுப்புங்கள், செய்து தருகிறேன். காசெல்லாம் வேண்டாம். பெயரில் ஃ இருந்தால் மட்டும் நாலு நாள் கூடுதலாகக் கொடுங்கள். மூன்று புள்ளியையும் எதில் நிறுத்துவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்